வெச்சிடட்டுமா?

நம் ஊர் டெலிபோன் பேச்சுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பேச வேண்டிய விஷயம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். கல்யாணத் தேதி சொல்லியாச்சு, மண்டபம் எங்கே என்றும் சொல்லியாச்சு. 'சரி, அப்ப வெச்சிடட்டுமா?' என்பார்கள். அதற்கப்புறம் இருபது நிமிடம் பேசுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி கதையும் இதேதான். 'போயிட்டு வரேன்' என்று எழுந்திருப்பார். ஒரு கால் செருப்புக்குள், இன்னொரு கால் வெளியே. வாசலில் நின்றபடி அரை மணி நேரம்.

விஷயம் முடிவது வேறு, பேச்சு நிற்பது வேறு. இதை நான் ரொம்ப நாளாக ஒரு தமாஷாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் அதற்குள் வேறு ஒரு சங்கதி இருக்கிறது என்று தெரிந்தது. சொன்னவள் என் அண்ணன் பெண்.

எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி படிக்கிறாள். அம்மா என்னோடு இருப்பதால், பாட்டியைப் பார்க்க மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். முன்பெல்லாம் வாராவாரம் வந்துகொண்டிருந்தவள். (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.)

அன்றைக்கு அவள் ஹாலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன பாடம் என்று எட்டிப் பார்த்தேன். மரபணுவை நகலெடுக்கும் வேலை செல்லுக்குள் எப்படி முடிகிறது என்று ஒரு முழு அத்தியாயம். நான் பி.காம். உயிரியலோடு என் உறவு, பத்தாம் வகுப்பில் தவளைப் படத்துக்குப் பாகம் குறித்ததோடு சரி. அந்தத் தைரியத்தில், ''ஆரம்பிக்கிறதுலதாம்மா சாமர்த்தியம். முடியறதுல என்ன இருக்கு? தானா நின்னுடப்போறது'' என்றேன்.

''அதான் சித்தப்பா விஷயமே. தானா நிக்காது'' என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த பாஷையில், அதாவது கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன்.

செல்லுக்குள் உட்கரு என்று ஓர் அறை. அந்த அறையில் டி.என்.ஏ. என்கிற பேரேடு. மனிதனுடைய பேரேட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். எல்லாம் நாலே நாலு எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதியவை. அதில் புரோட்டீன் தயாரிக்கும் குறிப்புகள் மட்டும் சுமார் 20,000. ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு. பேரேடு அறையை விட்டு வெளியே வராது. வேண்டிய பக்கத்தை மட்டும் நகலெடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகலெடுக்கும் குமாஸ்தாவின் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ்-2.

குமாஸ்தா என்றால் லேசான ஆள் இல்லை. நிமிடத்துக்கு இரண்டாயிரம் எழுத்துக்கு மேல் எழுதுவார். தசைகளுக்கு வேண்டிய டிஸ்ட்ரோபின் என்ற புரோட்டீனின் மரபணு மட்டும் 20 லட்சம் எழுத்துக்கு மேல் நீளம். அதை ஒரு தடவை நகலெடுக்க சுமார் 16 மணி நேரம் ஆகிறது என்று 1995-ல் அளந்து சொன்னார்கள். நடுவில் டீ பிரேக் கிடையாது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடையாது. பாதியில் கைவிட்டால் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் குமாஸ்தாவுக்கு உடும்புப்பிடி. பேரேட்டைப் பிடித்தால் விடமாட்டார்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பிடிவாதம் வேலையைக் கடைசி வரை கொண்டுபோகிறதோ, அதே பிடிவாதம் வேலை முடிந்தபிறகு நிற்கவிடாது.

மரபணுவின் முடிவில் ஓர் அடையாளம் இருக்கிறது. நகலில் ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ என்று ஆறு எழுத்து வரும். 1976-ல் கேம்பிரிட்ஜில் நிக் புரௌட்ஃபுட், ஜார்ஜ் பிரவுன்லீ என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஆறெழுத்து வந்ததும், கூடவே காத்திருக்கும் ஒரு புரோட்டீன் கூட்டம் அதைக் கவ்விக்கொள்ளும். பத்து, முப்பது எழுத்து தள்ளி நகலை வெட்டும். வெட்டிய நகலின் வாலில் 'ஏ, ஏ, ஏ' என்று ஏறக்குறைய இருநூறு எழுத்தை ஒட்டும், அரக்கு முத்திரை மாதிரி. நகல் ரெடி. வெளியே கிளம்பிவிட்டது. வேலை முடிந்தது.

ஆனால், குமாஸ்தாவுக்கு அது தெரியாது. தனக்குப் பின்னால் வெட்டியதையோ, நகல் கிளம்பிப் போனதையோ பார்க்காமல் எழுதிக்கொண்டே போகிறார். ஆயிரக்கணக்கான எழுத்துகள்! அதிலிருந்து ஒரு புரோட்டீனும் பண்ண முடியாது. யாருக்கும் வேண்டாத நகல்.

எனக்கு காலேஜில் கணக்குப்பதிவியல் எடுத்த வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். லெட்ஜரில் கூட்டுத்தொகை போட்டு, அதன் கீழே இரண்டு கோடு இழுக்கச் சொல்வார். 'கூட்டுத்தொகைதான் போட்டாச்சே, எதுக்கு சார் கோடு?' என்று ஒருவன் கேட்டான். 'கூட்டுத்தொகை, கணக்கு முடிஞ்சதுன்னு சொல்லும். கோடு, இதுக்குக் கீழே ஒருத்தனும் எழுதக் கூடாதுன்னு சொல்லும்' என்றார். செல்லில் கூட்டுத்தொகை போட்டாகிவிட்டது. இரண்டு கோடு போடுவது யார்?

நிற்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பேரேட்டில் அடுத்த பக்கத்தில் அடுத்த மரபணு இருக்கிறது. ஓடிவருகிற குமாஸ்தா அதற்குள் புகுந்தால் அங்கே நடக்க வேண்டிய வேலை கெடும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, ஹெர்ப்பிஸ் வைரஸ் தாக்கிய செல்லில் இந்த நிறுத்தும் ஏற்பாடு குலைந்துபோவதைக் காட்டியது. குமாஸ்தாக்கள் பக்கத்து மரபணுக்களுக்குள்ளும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், இதை நமக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு நோய். ஆல்ஃபா தலசீமியா என்கிற பரம்பரை ரத்தசோகையில் ஒரு வகை. 1983-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, ஹீமோகுளோபினுக்கான ஒரு மரபணுவில் அந்த ஆறெழுத்தில் கடைசி 'ஏ', 'ஜி'யாக மாறியிருந்தது. அவ்வளவுதான், ஒரே ஓர் எழுத்து. 1986-ல் எம்மா ஒயிட்லாவும் அதே புரௌட்ஃபுட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். அடையாளம் கெட்டதால் வெட்டு சரியாக விழவில்லை. வெட்டு விழாததால் குமாஸ்தாவும் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறார். ஆக, வெட்டுக்கும் நிற்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. என்ன சம்பந்தம்?

இங்கே விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எனக்கு இந்த இடம்தான் சுவாரஸ்யம்.

ஒரு கட்சி சொன்னது: அந்த அடையாளத்தைத் தாண்டும்போது குமாஸ்தாவே மாறிவிடுகிறார். அதுவரை அவரை விரட்டிக்கொண்டிருந்த உதவியாட்கள் விலகுகிறார்கள், பிடி தளர்கிறது, தானாகவே நழுவிவிடுகிறார். அதாவது, மாற்றம் உள்ளேயிருந்து.

இன்னொரு கட்சி சொன்னது: இல்லை, அவரை வெளியிலிருந்து ஓர் ஆள் துரத்திப் பிடிக்கிறார். எப்படி? ஒவ்வொரு நகலுக்கும் தொடக்கத்திலேயே தலையில் ஒரு தொப்பி மாட்டுகிறது செல். தொப்பி இருக்கிறவரை அந்த முனையை எதுவும் தின்ன முடியாது. ஆனால், வெட்டிய பிறகு குமாஸ்தா எழுதிக்கொண்டு போகிற மிச்ச நகலுக்குத் தொப்பி கிடையாது. மொட்டை முனை. அந்த முனையை ஓர் என்ஸைம் பிடித்துக்கொண்டு, நூலைத் தின்றபடியே குமாஸ்தாவை நோக்கி ஓடுகிறது. அவர் முன்னால் எழுத எழுத, இது பின்னால் அழித்துக்கொண்டே வருகிறது. கடைசியில் நூல் தீர்ந்து அவர் முதுகில் போய் மோதும்போது, அவர் பேரேட்டை விட்டுத் தெறிக்கிறார். 1988-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஷீலா கானலி, ஜேம்ஸ் மேன்லி இந்த யோசனையைச் சொன்னார்கள். 'டார்பிடோ' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

2004-ல் டார்பிடோவைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். மனித செல்லில் எக்ஸ்.ஆர்.என்.-2 என்ற என்ஸைம், ஈஸ்டில் அதன் உறவுக்காரரான ராட்-1. ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள். ஹார்வர்டில் ஸ்டீபன் புராடோவ்ஸ்கியின் குழு. ஆக்ஸ்ஃபோர்டில் - ஆமாம், அதே புரௌட்ஃபுட்டின் குழு. 1976-ல் முடிவுக்கான அடையாளத்தைக் கண்டவர், நிறுத்துகிற ஆளைக் காண 28 வருஷம் ஆகியிருக்கிறது. முடிவுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள்.

அத்தோடு வழக்கு முடியவில்லை. 2009-ல் சோதனைக் குழாயில் குமாஸ்தாவையும் துரத்தும் என்ஸைமையும் மட்டும் போட்டுப் பார்த்த ஒரு குழு, அவர் அசைந்துகொடுக்கவில்லை என்றது. துரத்தினால் மட்டும் போதாதா? 2020-ல் பிரிட்டனின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டீவன் வெஸ்ட்டின் குழு இரண்டு கட்சிக்கும் சமரசம் சொன்னது. (2004 ஆக்ஸ்ஃபோர்டு கட்டுரையின் முதல் ஆசிரியரும் இவர்தான்.) அடையாளத்தைத் தாண்டியதும், குமாஸ்தாவோடு ஒட்டிக்கொண்டு வேகம் கொடுக்கும் ஒரு புரோட்டீனிலிருந்து பாஸ்பேட் கழற்றப்படுகிறது. அவர் வேகம் குறைகிறது. அப்படிக் குறைந்தவரைத்தான் டார்பிடோ எட்டிப் பிடிக்கிறது. தளர்வும் வேண்டும், துரத்தலும் வேண்டும்.

''ரெண்டு பேரும் பாதி பாதி கரெக்ட், சித்தப்பா'' என்று புத்தகத்தை மூடினாள் அவள்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் அப்பா 2016-ல் காலமானார். கடைசி இருபது நாள் ஆஸ்பத்திரி. செலவை நான்தான் கட்டினேன். அண்ணன் தன் பங்கை அப்புறம் தருவதாகச் சொன்னார். பி.காம். படித்தவன் இல்லையா, ஒரு நோட்டில் பைசா சுத்தமாக எழுதிவைத்தேன். அண்ணன் பங்கு 62,000 ரூபாய். 'அப்புறம்' என்பது பதினோரு மாதமாகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சூடாகவே கேட்டேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி, செக் அனுப்பினார். செக் பாஸும் ஆனது.

கணக்குப்படி அன்றைக்கே விவகாரம் முடிந்தது. எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, பணமும் வருத்தமும் சேர்த்து.

ஆனால், நான் நிற்கவில்லை. சித்தி வீட்டில் சொன்னேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன். யார் வீட்டிலாவது அண்ணன், தம்பி பேச்சு எடுத்தால் போதும், 'எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க' என்று ஆரம்பிப்பேன். ஒரு நியாயத்தைக் கேட்பதற்கு எவ்வளவு கோபம் தேவையோ, அதை முதல் வருஷத்திலேயே செலவழித்துவிட்டேன். மிச்ச வருஷமெல்லாம் யாருக்கும் வேண்டாத நகல்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். அவள் புத்தகத்தை மூடினாளா? எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ''நிறுத்தத் தெரியறதுக்கும் ஒரு ஆள் வேணுங்கிறே. சில பேருக்கு ஆரம்பிக்கவே ஆள் வேணும். உங்கப்பாவையே எடுத்துக்கோ, அந்த ஆஸ்பத்திரி பில்லு...''

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். ''பணம் வந்துதா?''

''வந்துது.''

''கணக்கு முடிஞ்சுதா?''

''முடிஞ்சுது.''

''அப்ப யாருக்குடா படிச்சுக் காட்டிண்டிருக்கே? குழந்தை மூஞ்சியைப் பார்.''

பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூடிய புத்தகத்தின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாராவாரம் வந்துகொண்டிருந்த பெண் ஏன் மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தாள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. படிப்பு ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அண்ணன் மேல் இருந்த கோபம், அவருடைய பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குள் ஓடியிருக்கிறது. அவள் எனக்கு 62 பைசாகூடத் தர வேண்டியதில்லை.

இதில் ஒரு தர்க்கச் சிக்கல் இருப்பது எனக்கும் தெரிகிறது. 'செல்லுக்குள் இப்படி நடக்கிறது, அதனால் மனுஷன் இப்படி நடக்க வேண்டும்' என்று சொல்ல முடியுமா? முடியாது. இயற்கையில் எதை வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். எறும்பிடம் சுறுசுறுப்பைக் கற்கச் சொல்கிறவர்கள், அதே எறும்பு பக்கத்துப் புற்றோடு போடும் யுத்தத்தைச் சொல்வதில்லை. குமாஸ்தாவுக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. டார்பிடோவுக்கு நல்லெண்ணம் கிடையாது. அங்கே ரசாயனம்தான் இருக்கிறது, நீதி இல்லை.

ஆகவே, செல்லிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நீதி அல்ல. ஒரு கேள்வி. 'நான் ஏன் நிற்கவில்லை?' என்று இத்தனை வருஷம் என்னை நானே கேட்டுக்கொள்ளாததற்குக் காரணம், நான் செய்துகொண்டிருந்தது நியாயம் என்று நினைத்திருந்ததுதான். நியாயமாக ஆரம்பித்தது, நியாயமாகவே தொடர்கிறது என்று நம்பிவிட்டேன். ஒரு வேலை முடிவதும், அந்த வேலையைச் செய்தவன் நிற்பதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள், இரண்டாவதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது என் மண்டையில் உறைத்ததில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் வாத்தியார் இரண்டு கோடு போடச் சொன்னபோதும்தான்.

போதும் என்ற மனம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். நிற்பதை ஒருவனுடைய மனவலிமை சமாச்சாரமாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். நின்றால் நல்லவன், நிற்காவிட்டால் அடக்கமில்லாதவன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விடாப்பிடியாக ஒரு காரியத்தைச் சாதிக்கிறவர்கள்தான் நிற்கத் தெரியாமல் தவிக்கிறார்கள். ரிட்டயர் ஆனபிறகும் ஆபீஸுக்கு போன் போட்டு 'அந்த ஃபைல் என்னாச்சு?' என்று கேட்கிறவர், இருபத்தெட்டு வயசு மகனுக்கு இன்னும் சட்டை எடுத்துக்கொடுக்கிற அம்மா, ஜெயித்த வழக்கை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிற நான். இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. பிடியின் பலம்தான் பிரச்னை. அந்தப் பலத்தை வைத்தே அந்தப் பிடியை விடச் சொன்னால் எப்படி?

அதனால், வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. 'போதும்டா' என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பது கொடுப்பினை. நண்பர்களில் ஒருவராவது வேண்டும். அவர் குறுக்கிடும்போது கோபித்துக்கொள்ளாமல் இருப்பது நம் கடமை.

ஆனால், முழுப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிட்டு, 'என்னை யாரும் தடுக்கலை, அதான் செஞ்சேன்' என்று தப்பிக்கவும் முடியாது. அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னாள் என்றா நினைக்கிறீர்கள்? எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் ஓடிய ஓட்டத்தில் அது எட்டவில்லை. அன்று எட்டியதற்குக் காரணம், அரை மணி நேரமாக ஒரு சின்னப் பெண் சொன்னதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டு, நான் கொஞ்சம் வேகம் குறைந்திருந்தேன். அவ்வளவுதான். நம்மால் முழுசாக நிற்க முடியாமல் போகலாம். வேகத்தைக் குறைக்க முடியும். பின்னால் வருகிறவர் நம்மை எட்டிப் பிடிக்கிற அளவுக்காவது குறைக்க முடியும். நம் பங்கு அது.

அன்று சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல நினைத்து, வார்த்தை கிடைக்காமல், ''அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வாம்மா'' என்றேன். ''பார்க்கறேன் சித்தப்பா'' என்றாள். பார்க்கட்டும். அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். 2017-ல் செக் வந்த தேதிக்குக் கீழே, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தேன். பிறகு அண்ணனுக்கு போன் போட்டேன். பண்டிகைக்கும் துக்கத்துக்கும் தவிர நாங்கள் பேசிப் பல வருஷமாகிறது. என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். அவருடைய சர்க்கரை பற்றிப் பேசினோம். நாலு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது.

''சரிடா, அப்ப வெச்சிடட்டுமா?'' என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் இருபது நிமிடம் பேசினோம்.